சூசைராஜ் பேசுறேன்

"உங்கப்பா கிளம்பிட்டாராம்ப்பா. வெளியவே உக்காரு, விளங்குதா?" என்று சொல்லிவிட்டு சந்தானம் சார் இயற்பியல் ஆய்வகத்துக்குள் போய்விட்டார். விளங்குது சார், நல்லாவே விளங்குது சார் என்று சாரின் அதே மூக்கடைத்த குரலில் மனசுக்குள் பதில் சொல்லிக்கொண்டே பிரிட்டோ பெஞ்சில் உட்கார்ந்தான். பழக்க தோஷம். தூக்குமேடைக்குக் கூட்டிக்கொண்டு போனாலும், கயிறு மாட்டுகிறவர் எப்படி இழுத்துப் பேசுகிறார் என்றுதான் இவன் காது போகும். மணி பத்து ஐம்பது. சார் வீட்டுக்குக் கூப்பிட்டபோது அம்மாதான் போனை எடுத்திருக்கிறாள். வாத்தியார் என்றாலே அவளுக்குக் கையும் ஓடாது காலும் ஓடாது. வருவாரு சார், இந்தா அனுப்பி வைக்கிறேன் சார் என்று சொல்லி வைத்திருப்பாள். அவரால பேச முடியாது சார் என்று சொல்லியிருப்பாளா? மாட்டாள். சொல்லியிருந்தால் சார் முகம் இப்படி இருந்திருக்காது. சிரித்துக்கொண்டல்லவா சொன்னார், உங்கப்பாவ நேர்ல பாக்கணும்ப்பா, போன்ல என்னமாப் பேசுறாரு மனுசன் என்று. போனில் பேசியது அப்பா இல்லை. அப்பாவுக்கு ஆகஸ்டு மாசம் மதுரையில் ஆபரேஷன் செய்து குரல்வளையை மொத்தமாக எடுத்துவிட்டார்கள். கழுத்துக்குழியில் சின்னக் காசளவு ஒரு துவாரம், மூச்சு அது வழியாகத்தான். போன செவ்வாய்க்கிழமை சாயங்காலம் "வணக்கம் சார், சூசைராஜ் பேசுறேன்" என்று சொன்னது இதோ இந்தப் பெஞ்சில் காலாட்டிக்கொண்டிருக்கிறவன். இன்னும் இருபது நிமிஷத்தில் நிஜமான சூசைராஜ் இந்த வாசலில் வந்து நிற்பார், சார் வாயெல்லாம் பல்லாக, அன்னைக்கு நல்லாப் பேசுனீங்களே என்பார், அத்தோடு முடிந்தது. சாருக்குத் தெரிந்தால் தெரியட்டும், ரெக்கார்டு நோட்டில் கையெழுத்துப் போட மாட்டார், செய்முறைத் தேர்வுக்கு விட மாட்டார், போகட்டும். அப்பாவுக்குத் தெரிந்துவிடும். தன் தொண்டையிலிருந்து அறுத்து எடுத்ததைப் பையன் தன் வாயில் மாட்டிக்கொண்டு வேடிக்கை காட்டுகிறான் என்று தெரிந்துவிடும்.

காலாட்டுவதை நிறுத்தினான். கால் தானாக மறுபடி ஆடியது. இந்நேரம் அப்பா மேட்டுப்பட்டியில் டவுன் பஸ் ஏறியிருப்பார், சீட்டில் உட்கார மாட்டார், இருபத்திரண்டு வருசம் கண்டக்டராக நின்றே போனவர், இப்போதும் படிக்கட்டுக்குப் பக்கத்துக் கம்பியில் முதுகைச் சாய்த்துத்தான் நிற்பார். முன்பெல்லாம் திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டில் அப்பா கூப்பிடுவதைக் கேட்டால் தேனிக்குப் போக வேண்டிய வேலை இல்லாதவனுக்கும் ஒரு நிமிஷம் போகலாமா என்று தோன்றும். செம்பட்டி வத்தலக்குண்டு பெரியகுளம் தேனி, தேனி தேனி தேனீய்ய். அந்தக் கடைசித் தேனியில் குரல் மேலே ஏறி, ஒரு சுற்று சுற்றி, தரைக்கு வராமல் அங்கேயே நிற்கும். உள்ள போங்க உள்ள போங்க, உள்ள ஒரு கல்யாண மண்டபமே காலியாக் கிடக்கு. படியில நிக்கிற மாப்பிள்ளைகளா, பொண்ணு உள்ள இருக்குப்பா. பிரிட்டோ பத்தாவது படிக்கும்போது பள்ளிக்கூட ஆண்டு விழாவில் இதைச் செய்து காட்டினான், தலைமையாசிரியர் சிரித்துச் சிரித்து மூக்குக்கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்தார், அன்றிலிருந்து இவனுக்குப் பள்ளிக்கூடத்தில் பெயர் தேனி. சந்தானம் சார், கோயில் பங்குச்சாமி, செய்தி வாசிக்கிறவர், மணியடிக்கிற மாயக்கா, ஓட்டுக் கேட்டு வருகிறவர், பல் கட்டிய மளிகைக்கடைக்காரர், எல்லாக் குரலும் இவனிடம் உண்டு. ஆனால் எல்லோரும் கேட்டுக் கேட்டுக் கைதட்டியது அப்பா குரலுக்குத்தான். தேனி, ஒரு தேனி போடுடா. ஆகஸ்டுக்கு அப்புறமும் கேட்டார்கள். ஆகஸ்டுக்கு அப்புறமும் போட்டான். அப்பாவுக்கு ஆபரேஷன் என்று ஒருத்தனிடமும் சொல்லவில்லை, சொன்னால் அடுத்த நிமிஷம் த்சொ என்று நாக்கைத் தட்டுவார்கள். எல்லாக் குரலும் பேசுகிறவனுக்கு அந்த ஒரு த்சொவை மட்டும் கேட்கப் பிடிக்காது. அதை ஆஸ்பத்திரி வராந்தாவில் நிறையக் கேட்டாகிவிட்டது.

உள்ளே ங்ங்ங் என்று ஒரு முனகல். இசைக்கவையை ரப்பர் கட்டையில் தட்டியிருக்கிறார்கள். இரண்டாவது குழு இன்றைக்கு அந்தச் சோதனையைத்தான் செய்கிறது, பிரிட்டோ செவ்வாய்க்கிழமை செய்யாமல் விட்டது, ஒத்ததிர்வுத் தம்பம். நீளமான கண்ணாடிக் குழாய், அதற்குள் தண்ணீர், மேலே அதிர்கிற இசைக்கவை. தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக இறக்கிக்கொண்டே வர வேண்டும், ஒன்றும் கேட்காது, ஒன்றும் கேட்காது, ஒரு குறிப்பிட்ட நீளம் வந்ததும் குழாய்க்குள் இருக்கிற வெறும் காற்று திடீரென்று பாட ஆரம்பிக்கும். ஃபோர்க்கு போடுறது கொசுச் சத்தம்ப்பா, அதைத் தாங்கிப் பிடிச்சுப் பெருசாக்குறது காத்து, விளங்குதா? வகுப்பில் சார் அதை நடத்திய அன்றைக்கு இவன் பின்பெஞ்சில் உட்கார்ந்து ஃபோர்க்குப்பா ஃபோர்க்குப்பா என்று சாரையே அவருக்குப் பின்னால் திருப்பிச் சொல்லிப் பக்கத்திலிருந்தவனைச் சிரிக்க வைத்துக்கொண்டிருந்தான். ஆனால் அந்தப் பாடத்தை அப்புறம் மூன்று தடவை படித்தான், யாருக்கும் தெரியாமல். உயிரியல் புத்தகத்தில் குரல்வளைப் படத்தையும் படித்தான், டாக்டர் மருந்துச் சீட்டின் பின்பக்கம் அம்மாவுக்கு வரைந்து காட்டிய அதே படம், அம்புக்குறி போட்டு, இதிலிருந்து இது வரைக்கும் எடுத்துருவோம் என்று. மூன்று மார்க் கேள்வி. படம் வரைந்து பாகங்களைக் குறி. பரீட்சையில் வரைந்தான், குரல் நாண்கள் என்று எழுதி அம்புக்குறி போடும்போது பேனா அங்கேயே நின்றுவிட்டது, மேற்பார்வைக்கு வந்த டீச்சர் என்ன தேனி தூங்குறியா என்றார். அப்பா தொண்டை இசைக்கவை என்றால் பஸ்தான் தம்பம். ஐம்பது பேர் மூச்சும் வியர்வையும் மல்லிகைப்பூவும் அடைத்த அந்தத் தகரக் குழாய்க்குள் அப்பா வாயைத் திறந்தால் பஸ்ஸே பேசும். வீடு அப்படி இல்லை. வீட்டில் ஆகஸ்டிலிருந்து தண்ணீர் மட்டம் எங்கே நிற்கிறது என்றே தெரியவில்லை, எந்த நீளத்துக்கு இறக்கினாலும் ஒன்றும் கேட்பதில்லை, மிக்ஸியும் குக்கரும் மட்டும்தான் பேசுகின்றன.

ஒரே ஒரு நாள் கேட்டது. கேட்டிருக்கக் கூடாது. அப்பா ஆஸ்பத்திரியிலிருந்து வந்து பத்துப் பதினைந்து நாள் இருக்கும், இவன் கூடத்தில் வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தான், தாகம், எழுந்து போகச் சோம்பல், வாய் தன் போக்கில் திறந்து, புஷ்பம், ஒரு செம்புத் தண்ணி கொண்டா என்றது. அப்பா சொல்கிற அதே 'கொண்டா', கடைசியில் ஒரு சிரிப்பை ஒளித்து வைத்த கொண்டா. அடுப்படியிலிருந்து அம்மா ஓடிவந்தாள். வந்தேங்க என்று சொல்லிக்கொண்டே வந்தாள். கூடத்தில் இவன் மட்டும் இருக்கிறதைப் பார்த்தாள். செம்பு கையில் இருந்தது, தண்ணீர் பாதி புடவையில் இருந்தது. அடித்திருக்கலாம். அடிக்கவில்லை. செம்பைத் தரையில் வைத்துவிட்டு, "இனி இந்த வீட்டுக்குள்ள அந்தக் குரலை எடுத்தே, எனக்குப் பிள்ளையே இல்லைன்னு நெனைச்சுக்குவேன்" என்று, கத்தாமல், ஏதோ கடையில் சாமான் சொல்கிற மாதிரி சொன்னாள். அம்மா குரலையும் இவன் செய்வான். அந்த ஒரு வாக்கியத்தை மட்டும் இதுவரை செய்து பார்க்கவில்லை. அப்பா அப்போது குளியலறையில் இருந்தார், குழாய் ஓடிக்கொண்டிருந்தது, குழாய் ஓடினால் கேட்காது. கேட்டிருக்காது. கேட்டிருந்தால் வெளியே வந்து ஏதாவது தட்டியிருப்பார்.

தட்டுவதுதான் இப்போது அப்பாவின் பேச்சு. விசில் ஊதிப் பார்த்தார் முதலில், பழைய கண்டக்டர் விசில், வாயில் வைத்துக் கன்னத்தை உப்பினார், மூச்சு கழுத்து வழியாகப் போய்விட்டது, விசிலுக்குள் இருக்கிற மணி அசையக்கூட இல்லை. பிறகு விரல் முட்டியால் சுவரில் தட்ட ஆரம்பித்தார். ஒரு தட்டு, நில். இரண்டு தட்டு, ரைட், போ. பஸ்ஸின் வயிற்றில் தட்டுகிற அதே கணக்கு. சாம்பார் போதும் என்றால் ஒன்று. டிவியைப் போடு என்றால் இரண்டு. பெரிய பேச்சு என்றால் தங்கச்சி ஜெசியின் எழுதி அழிக்கிற பலகை இருக்கிறது, கறுப்புப் பலகையில் பச்சை எழுத்து வரும், பொத்தானை அமுக்கினால் மொத்தமும் போய்விடும். எழுதி பிரிட்டோவிடம்தான் நீட்டுவார். செவ்வாய்க்கிழமை ஆஸ்பத்திரிக்குக் கூடப் போனதே அதற்குத்தான், டாக்டர் கேட்பார், அப்பா எழுதுவார், இவன் வாசிப்பான். 'இரவில் சளி கட்டுகிறது' என்று எழுதினார், இவன் செய்தி வாசிக்கிறவர் குரலில், முக்கியச் செய்திகள், இரவில் சளி கட்டுகிறது என்று வாசித்தான், நர்ஸ் சிரித்துவிட்டாள், அப்பாவும் சிரித்தார், தோள் மட்டும் குலுங்கியது, கழுத்துத் துணி உள்ளேயும் வெளியேயும் போய்வந்தது. 'வாசனை தெரியவில்லை' என்பதைப் பங்குச்சாமி குரலில் ராகம் போட்டு வாசித்தான். டாக்டர், ஏப்பா, உன் குரல்ல ஒண்ணு வாசியேன் கேப்போம் என்றார். இவன் ஓட்டுக் கேட்கிறவர் குரலில் நன்றி சொன்னான். ஏன் அப்படி? அப்பா எழுதினதைத் தன் சொந்தக் குரலில் வாசித்தால் அது அப்பா சொன்னது என்று ஆகிவிடும், இனிமேல் அப்பா சொல்வது இப்படித்தான் கேட்கும் என்று ஆகிவிடும். வேறு யார் குரலாவது என்றால் விளையாட்டு. விளையாட்டு என்றால் இன்னும் முடிவாகவில்லை.

அன்றைக்கு மதுரையிலிருந்து திரும்பி, அப்பா உள்ளறையில் படுத்துவிட்டார், அம்மா கோயிலுக்குப் போயிருந்தாள், ஃபிரிட்ஜ் மேலே அப்பாவின் போன். யாரும் கூப்பிடாத போன் அது, ஆனால் அம்மா தினமும் சார்ஜ் போட்டு வைப்பாள். அது அடித்தது. ஹலோ, பிரிட்டோ அப்பாங்களா, நான் கிளாஸ் டீச்சர் சந்தானம் பேசுறேன். இல்ல சார், பிரிட்டோதான் சார் என்று சொல்ல வேண்டும், அப்பாவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனேன் சார் என்று சொல்ல வேண்டும், உண்மையே போதும், பொய்க்கு வேலையே இல்லாத இடம். வாயைத் திறந்தான், வணக்கம் சார், சூசைராஜ் பேசுறேன் என்று வந்தது. மொத்தமாக வந்தது. அடித்தொண்டையில் கொஞ்சம் மண், மூக்கில் கொஞ்சம் சிரிப்பு, எல்லாம் அளவாக. அய்யோ, அந்த சந்தோஷம். அதை யாரிடம் சொல்வது. நாலு மாசம் கழித்து அப்பா கூடத்தில் நின்று பேசுகிறார். பையன் இன்னைக்கு பிராக்டிகலுக்கு வரலியே சார் என்று அவர் கேட்க, நம்ம சொந்தத்துல ஒரு கல்யாணம் சார், நான்தான் இழுத்துட்டுப் போயிட்டேன், மண்டபத்துல கூட்டம்னா கூட்டம், நம்ம பஸ்ஸே தேவலை சார், உள்ள போங்க உள்ள போங்கன்னு நானே கத்திட்டேன் என்று அப்பா சொல்ல, சார் விழுந்து விழுந்து சிரிக்க, அப்ப ஒருநாள் நேர்ல வந்து லீவு லெட்டர்ல ஒரு கையெழுத்துப் போட்டுட்டுப் போங்க சார், தனியா ஒரு நாள் செய்ய விடுறேன் என்று அவர் சொல்ல, கட்டாயம் வர்றேன் சார். அங்கேதான். அந்த 'வர்றேன்'. அது அப்பாவின் வர்றேன் இல்லை. இவனுடையது. சாருக்குத் தெரியவில்லை. இவனுக்குத் தெரிந்தது. போனை வைத்ததும் உள்ளறையில் டொக் என்று ஒரு சத்தம். ஒன்று. போய்ப் பார்த்தான், அப்பா சுவர்ப் பக்கம் திரும்பிக் கண்ணை மூடிப் படுத்திருந்தார். கட்டில் சத்தமாக இருக்கும். பழைய கட்டில். ஆனால் கட்டில் கிரீச் என்றுதான் சொல்லும், டொக் என்று சொல்லாது. அப்பா கை கட்டில் சட்டத்துக்குப் பக்கத்தில்தான் இருந்தது. தூக்கத்தில் கை பட்டிருக்கும். தூங்குகிறவர் கை மூடியா இருக்கும்? விரல் மடங்கியிருந்ததா, விரிந்திருந்ததா? மூன்று நாளாக அந்தக் கையைத்தான் யோசிக்கிறான், ஒரு நேரம் மடங்கியிருக்கிறது, ஒரு நேரம் விரிந்திருக்கிறது.

அதைவிடப் பயம் வேறொன்று இருக்கிறது, அது பின்னால்தான் வந்தது. அன்று ராத்திரி குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டு, வர்றேன் என்று அப்பா மாதிரி சொல்லிப் பார்த்தான். வரவில்லை. செம்பட்டி வத்தலக்குண்டு. வரவில்லை. தேனி மேலே ஏறியது, சுற்றத் தெரியாமல் கீழே விழுந்தது. அப்பா குரலுக்கு இருக்கிற ஒரே பதிவு போனில் ஒன்பது விநாடி, கதவைப் பூட்டிக்க, நான் வர லேட்டாகும், அதன் மேலேயே ஒரு லாரி ஹாரன். மீதி எல்லாம் இவன் தொண்டையில்தான் இருந்தது. செய்து செய்து, சிரிக்கச் சிரிக்கச் செய்து, தேய்த்துவிட்டான். கேட்டுச் சரிபார்க்க அசல் இல்லை.

பள்ளிக்கூடக் கேட்டுக்கு வெளியே பஸ் ஒன்று நின்றது. ஒரு விசில். பிறகு இரண்டு விசில், கிளம்பிவிட்டது. இதுவா, அடுத்ததா? மணி பதினொன்று பத்து. ஓடிப்போய் கேட்டிலேயே மறித்து, சார் இன்னைக்கு லீவுப்பா, வாங்க போவோம் என்று சொல்லலாம். மாயக்கா குரலில், பிரிட்டோவ ஹெச்செம் கூப்புடுறாருங்க என்று ஜன்னல் வழியாகக் குரல் கொடுத்து இடத்தைக் காலி பண்ணலாம். மரத்தடியில் வெள்ளைச் சட்டை தெரிந்தது. கழுத்தில் அம்மா தைத்துக் கொடுத்த வெள்ளைத் துணி, அதற்கு மேல் சட்டைக் காலரைத் தூக்கிவிட்டிருந்தார், பார்க்கிறவர்களுக்குச் சளிக்குக் கட்டியது மாதிரி இருக்கும். அக்குளில் ஜெசியின் பலகை, முன்பு டிக்கெட் பை தொங்கிய பக்கம். அப்பா இவனைப் பார்த்துப் புருவத்தைத் தூக்கினார், என்னடா என்கிற மாதிரி. பிரிட்டோ எழுந்து நின்றான்.

"வாங்க சார், வாங்க வாங்க. சூசைராஜ் சார்தானே?" சந்தானம் சார் வாசலுக்கே வந்து, கூட்டிப்போய் மேஜைக்கு எதிரே நாற்காலி போட்டார். அப்பா கும்பிட்டுவிட்டு உட்கார்ந்தார். "அன்னைக்கு நீங்க பேசுனத ஸ்டாஃப் ரூம்ல சொல்லிச் சொல்லிச் சிரிச்சோம் சார். நம்ம பஸ்ஸே தேவலைன்னு ஒண்ணு சொன்னீங்க பாருங்க! கல்யாணமெல்லாம் நல்லபடியா முடிஞ்சதா?"

அப்பா அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்ன சார், தொண்டை கட்டிக்கிச்சா? கத்துற தொழில்ல…"

"ஆமா சார், அப்பாவுக்கு ரெண்டு நாளா…" என்று பிரிட்டோ ஆரம்பித்தான். எடுத்தது அம்மா குரலின் பதவிசு, கொஞ்சம் பங்குச்சாமியின் இழுப்பு, கலந்து கட்டி ஏதோ ஒன்று. மேஜையில் டொக் என்று விழுந்தது. ஒன்று. பிரிட்டோ நின்றான். அந்தக் கை மடங்கியிருந்தது. செவ்வாய்க்கிழமையும் மடங்கித்தான் இருந்தது.

அப்பா காலரை இறக்கி, துணியின் ஓரத்தை இரண்டு விரலால் தூக்கிக் காட்டினார். சார் நாற்காலியோடு பின்னால் போனார். அந்த த்சொ வரப்போகிறது என்று பிரிட்டோ காதைக் கெட்டியாக்கிக்கொண்டான், வரவில்லை, சாரின் வாய் பாதியில் நின்றிருந்தது. பின்னால் மேஜையில் இரண்டு பையன்கள் குழாயும் கையுமாகத் திரும்பிப் பார்த்தார்கள். "எப்ப சார்? அப்ப போன்ல…" என்று சார் அப்பாவைப் பார்த்தார், பிரிட்டோவைப் பார்த்தார், மறுபடி அப்பாவைப் பார்த்தார். அப்பா துணியைச் சரிசெய்துகொண்டு, பலகையை மடியில் வைத்து எழுதினார். ஓடுகிற பஸ்ஸில் எழுதிப் பழகிய கை, நின்றுகொண்டிருக்கிற தரையிலும் எழுத்து குலுங்கும். எழுதி முடித்து, சாரிடம் கொடுக்கவில்லை. வழக்கம்போல் பிரிட்டோவிடம் நீட்டினார்.

நல்லா பேசினேனா?

பச்சையாக, கேள்விக்குறியோடு. பிரிட்டோ ஒரு தடவை படித்தான், இன்னொரு தடவை படித்தான். "என்னப்பா எழுதியிருக்காரு? படி" என்றார் சார். செய்தி வாசிக்கிறவர் எங்கே? பங்குச்சாமி எங்கே? ஓட்டுக் கேட்டவர், மளிகைக்கடைக்காரர், ஒருத்தர் பின்னால் ஒருத்தராகத் தொண்டை வாசல் வரைக்கும் வந்தார்கள், படியில் கால் வைக்காமல் இறங்கிப் போனார்கள். வண்டி காலி. உள்ளே ஒரு பதினாறு வயசுப் பையன் மட்டும் உட்கார்ந்திருந்தான், குரல் உடைந்து இன்னும் ஒட்டாதவன், அவன் பேசி பிரிட்டோவே அதிகம் கேட்டதில்லை.

"நல்லாப் பேசினேனான்னு கேக்குறாரு சார்" என்றான் அவன். கரகரவென்று, நடுவில் கீச்சென்று ஏறி இறங்கி வந்தது. "போன்ல பேசுனது நான்தான் சார். கல்யாணமெல்லாம் ஒண்ணும் இல்ல. அன்னைக்கு அப்பாவோட ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தேன்." பிரிட்டோ சாரைப் பார்க்கவில்லை. அப்பா கேட்டதற்கு இன்னும் பதில் சொல்லவில்லையே. "மொதல்ல நல்லாத்தான் பேசுனீங்கப்பா. கல்யாண மண்டபம் வரைக்கும் நீங்கதான். வர்றேன்னு சொல்றப்ப நான் உள்ள வந்துட்டேன். அதுக்கப்புறம் பாத்ரூம்ல நின்னு எவ்வளவோ கூப்புட்டுப் பாத்தேம்ப்பா. நீங்க வரவே இல்ல."

ஆய்வகத்தில் யாரோ இசைக்கவையைத் தட்டி, தட்டியதை மறந்து அப்படியே பிடித்துக்கொண்டு நின்றார்கள், அது ங்ங் என்று தேய்ந்து தேய்ந்து அடங்கியது. அப்பா கையை நீட்டிப் பலகையை வாங்கிக்கொண்டார். பொத்தானை அமுக்கினார், பச்சை எழுத்து போயிற்று. புதிதாக எதுவும் எழுதவில்லை. பிரிட்டோவின் தொண்டையையே பார்த்துக்கொண்டிருந்தார், நெற்றியைச் சுருக்கி, கூட்டத்தில் எங்கோ ஒரு குரல் கேட்டு அது எந்தப் பக்கத்திலிருந்து என்று தேடுகிறவர் மாதிரி. பிறகு விரலை மடக்கி, முட்டியால் மேஜையில் தட்டினார்.

ஒன்று.

நில் என்கிறாரா என்று பிரிட்டோ அந்தக் கையையே பார்த்தான்.

இரண்டு.